பிடிக்கிற கை

பதினோரு மணிக்குச் சாகப் போகிறவனுக்கு எட்டு மணிக்குக் காது மருந்து எதற்கு?

விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் விடாமல் இருந்தால், இன்றைக்கு மட்டும் ஏன் விடவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வானோ? நாய் நினைக்குமா? எட்டு மணி ஆனதும் யாரும் கூப்பிடாமல் வந்து குளியலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறானே, அதற்கு நினைப்பு என்று பேர் இல்லாமல் வேறென்ன பேர்?

அவள் அலமாரியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மருந்து சில்லென்று காதுக்குள் இறங்கினால் தலை சுற்றும், கை சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தப் பத்து நாளில் ஒரு வேளைகூட அவள் அதை மறக்கவில்லை. மறந்ததெல்லாம் அதற்கு முந்தைய நான்கு வருடங்களில்.

குளியலறைத் தரையில் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். துரை வந்து அவள் முழங்கால்களுக்கு நடுவில் முதுகு காட்டி உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்த முதல் நாளே நேராக சோபாவில் ஏறிக் கால் நீட்டிப் படுத்தவன் என்பதால் துரை. தேன் நிறம். முகத்தின் இரண்டு பக்கமும் காயப்போட்ட துணி போலத் தொங்கும் நீளமான காதுகள். பார்க்கிறவர்கள் கொஞ்சுவதும் அந்தக் காதுகளைத்தான், அவனைத் தின்றுகொண்டிருப்பதும் அந்தக் காதுகள்தான்.

அவள் இடது உள்ளங்கையை அவன் தாடைக்குக் கீழே கொண்டுபோனாள். அவன் தாடையை அதில் இறக்கினான். முழுப் பாரத்தையும் இறக்கினான். மடலைத் தூக்கி, புட்டியின் மூக்கை வைத்து, எட்டுச் சொட்டு. பிறகு காதின் அடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்லக் கசக்கினாள். வலது காதில் சளக் சளக் என்று சத்தம் வந்தது. மருந்து உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். இடது காதில் சத்தமே வராது. அங்கே விரலுக்கு அகப்படுவது காதுக்குழாய் இல்லை, கூழாங்கல். வெளியே வழிந்ததை மட்டும் பஞ்சால் ஒற்றினாள். பஞ்சில் காபி வண்டல் போல் கொஞ்சம் பழுப்பு. போன வாரம் இதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

வாடை குறைந்திருக்கிறது, வலது காதில். அவள் குனிந்து மோந்து பார்த்தாள். புளித்த மாவும் ஈரத் துணியும் கலந்த அந்த வாடை ஏறக்குறைய இல்லை. இந்த இடத்தில்தான் அவள் எப்போதும் தவறு செய்தாள்.

நான்கு வருடத்தில் ஐந்து தடவை இந்த வியாதி வந்தது. ஐந்து தடவையும் டாக்டர் பதினாலு நாளைக்கு மருந்து கொடுத்தார். ஐந்து தடவையும் ஆறாம் நாள், ஏழாம் நாள் வாடை போனதும் அவள் மருந்தை நிறுத்தினாள். "முடிஞ்சிடுச்சு" என்று முன்னறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "அப்பாடா" என்று அங்கிருந்து கணவரின் பதில் வரும். மீதி மருந்து அடுத்த தடவைக்கு ஆகும் என்று அலமாரிக்குள் போய்விடும். "வாடை போனா வியாதி போச்சுன்னு யாரும்மா சொன்னது? கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருக்கும். நான் லைட் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன், முடிஞ்சுதா இல்லையான்னு. அதுவரைக்கும் முடியல" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒரு தாளில் படம்கூட வரைந்து காட்டினார். மனுஷன் காது நேரான சந்து, நாய்க் காது அப்படி இல்லை, கீழே இறங்கி ஒரு திருப்பம் திரும்பும், இறங்கின தண்ணீர் ஏறி வர வழியில்லை. குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வையுங்கள், குளித்ததும் மடலைத் திருப்பிப் போட்டு உலர்த்துங்கள், வாரம் ஒரு தடவை இந்தக் கழுவும் மருந்தால் துடையுங்கள், கோழிக்கறி இவனுக்கு ஆகவில்லை போலிருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கணவர் குழாயைத் திருப்பி நாயின் தலையிலேயே நேராக விடுவார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கோழி எலும்பு இறங்கும். "சுத்தமா வெச்சுக்கிட்டா எந்த வியாதியும் வராது" என்பார். அவள் ஒன்றும் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் காதோடு நின்றது.

"முடிஞ்சிடுச்சு" என்பது அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தையும்கூட. மருந்து விடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். "முடிஞ்சிடுச்சு துரை, முடிஞ்சிடுச்சு." அவன் அதைக் கேட்டதும் தசையைத் தளர்த்துவான். அந்த நொடியில் மருந்து இறங்கிவிடும். பொய்தான். குழந்தைகளுக்கு ஊசி போடும்போதும் இதே பொய்தான் சொன்னாள்.

இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பத்து நாளாகவே சொல்வதில்லை.

முன்னறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. முன்னறைதான் தையற்கடை. கணவரைத் தெருவே மாஸ்டர் என்று கூப்பிடும். அவர் வெட்டுவார், தைப்பார். அவள் கொக்கி வைப்பாள், பட்டன் தைப்பாள், ஓரம் மடிப்பாள். துரை அவர் கட்டைவிரலைக் கடித்த நாளிலிருந்து வெட்டுகிற மேசை காலியாக இருக்கிறது. மூன்று பேருடைய துணி அளவுச் சீட்டோடு அப்படியே மடித்து வைத்தபடி இருக்கிறது.

நாத்தனார் குளியலறை வாசலில் வந்து நின்றாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள், வாடை இல்லாதபோதும்.

"என்ன அண்ணி, இன்னைக்குமா மருந்து? தூக்குல போடப் போறவனுக்குக் காய்ச்சல் மாத்திரை குடுக்கற மாதிரி இருக்கு."

தன் மனதில் அரை மணி நேரமாகக் கிடந்த அதே நினைப்பு இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவள் பார்த்தாள்.

"பழக்கம்" என்றாள்.

"உங்களுக்குக் கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அண்ணனைப் பாருங்க. ஏழு தையல். ஊர்த் துணியெல்லாம் தைச்ச கைக்குத் தையல் போட்டாச்சு. வளர்த்த கடா மார்ல பாய்ஞ்சதுன்னு சொல்வாங்க, கண்ணால பார்த்தாச்சு."

மாஸ்டர் தங்கைக்குப் பின்னால் வந்து நின்றார். வலது கையின் கட்டைவிரல் வெள்ளைத் துணிக் கட்டுக்குள் இரண்டு விரல் அளவுக்குத் தடித்திருந்தது. நுனியில் உணர்ச்சி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். நேற்று அவர் கத்தரிக்கோலை எடுத்து விரலை வளையத்துக்குள் விடப் பார்த்ததையும், அது தட்டென்று மேசையில் விழுந்ததையும், யாராவது பார்த்தார்களா என்று திரும்பியதையும் அவள் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருந்தாள். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவும் உண்மைதான்.

"நான் என்ன பண்ணேன் அதை?" என்றார் அவர், தங்கையிடம். "தடவித்தானே குடுத்தேன். திடீர்னு திரும்பிக் கடிச்சுட்டான். ஒரு காரணமும் இல்ல."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பஞ்சைப் பார்த்தாள்.

"காரணம் இருந்தா மன்னிக்கலாம்" என்றாள் நாத்தனார். "காரணமில்லாம கடிக்கறது இன்னைக்கு விரலு, நாளைக்குக் கழுத்து. கடைக்கு வர்றவங்க குழந்தைகளைத் தூக்கிட்டு வர்றாங்க. சரி, டாக்டர்கிட்ட ஊசி போட்டுட்டு வர நேரத்துக்குக் கிளம்புங்க. அண்ணி, நீங்களும் போயிடுங்க. உங்களைத்தான் அவனுக்குப் பிடிக்கும். நீங்க பிடிச்சாத்தான் சும்மா இருப்பான்."

பிடிக்கும், பிடி. ஒரே சொல்லை இரண்டு பக்கமும் தீட்டி வைத்த மாதிரி.

இந்த வீட்டில் பிடிப்பது அவள் வேலை. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. ஒரு நாள் எல்லோரும் விலகி நிற்க அவள் கை முன்னால் போயிருக்கும், அதோடு அது அவளுடையதாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டபோது அவள் பிடித்தாள். அவர் வெளியே போய் நின்றார். மாமியார் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் முதுகுப் புண்ணைக் கழுவ வந்த நர்ஸ், "நீங்க பிடிச்சா போதும்மா, வேற யாரும் வேண்டாம்" என்றாள். மாமியார் வலியில் அவள் மணிக்கட்டைக் கடித்திருக்கிறார். அதற்குக் காரணம் இருந்தது, அதனால் யாரும் அதைக் கடி என்று சொல்லவில்லை. பிடிக்கிறவள் நல்லவள் என்று பேர். செய்கிறவருக்குத்தான் பழி வரும், பிடிக்கிறவளுக்கு வராது. இத்தனை வருடம் அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம். ரவிக்கை போட்டுப் பார்க்க வந்த ஒரு பெண்மணி மூக்கைச் சுளித்தாள். "ஏதோ ஊசிப்போன வாடை வருதே மாஸ்டர். துணியிலயா?"

துணியிலயா என்ற அந்த ஒரு வார்த்தை. முப்பது வருடத்தில் அவர் துணியைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பெண்மணி போனதும் மாஸ்டர் ஜன்னலோரம் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். எண்ணெய்க் கறை எடுக்க வைத்திருப்பது. "எந்தக் கிருமி இருந்தாலும் இதுல செத்துப் போயிடும். சொட்டு மருந்தாம் சொட்டு மருந்து. நாலு வருஷமா சொட்டிக்கிட்டேதான் இருக்கு. நீ பிடி."

காதுக்குள் தோல் வழன்று சிவந்திருந்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில்தான் பார்த்தாள். எரியும் என்ற சொல் தொண்டை வரை வந்தது. புண்ணாக இருக்கிறது, வேண்டாம் என்று மூன்று வார்த்தை. ஆனால் அவருடைய முகம் அப்படி இருந்தது. வாதம் செய்தால் ராத்திரிச் சாப்பாடு வரை இழுக்கும். ஒரு நிமிஷ வேலை, முடிந்துவிடும். அவள் உட்கார்ந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். துரை தாடையை இறக்கினான். "முடிஞ்சிடுச்சு துரை, முடிஞ்சிடுச்சு" என்றாள். அவன் தளர்ந்தான்.

அவர் பாட்டிலைச் சாய்த்தார்.

அப்படி ஒரு சத்தம் நாயிடமிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவன் பல்லுக்கு மிக அருகில் இருந்தது அவள் மணிக்கட்டுதான். அதை விட்டுவிட்டு, தலையை முழுக்கத் திருப்பி, அவர் கட்டைவிரலைப் பிடித்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. அந்த வலியிலும் அவன் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ரத்தத்தைத் துடைத்து, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது ஸ்பிரிட் பாட்டில் ஜன்னலில் இல்லை. மேல்பலகையில், நூல்கண்டு டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. அதை வைத்தது அவரா, தானா என்று யோசித்தாள். தான்தான். கை தானாகச் செய்திருந்தது. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்த காரியம். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவள் மட்டும் துரையைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மயக்க ஊசி போட்டு, லைட் வைத்துப் பார்த்தார். "வலது காதைக் காப்பாத்திடலாம். செவிப்பறை நல்லா இருக்கு. பதினாலு நாள் மருந்து, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. இடது காது போச்சும்மா. குழாய் தடிச்சு கல்லாயிடுச்சு. மருந்து போக வழியில்ல, உள்ள இருக்கிறது வர வழியில்ல. குழாயையே எடுத்துடணும். அந்தப் பக்கம் காது கேக்காது. ஆனா வலிக்காது." பிறகு, "ஏன் கடிச்சான்?" என்றார். "தெரியல டாக்டர்" என்றாள். "ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிச்ச நாயைப் பத்து நாள் கட்டிவெச்சுப் பார்க்கணும். அதுக்கப்புறம் மத்ததைப் பேசுவோம்."

மூன்று நாள் துரை அவள் கிட்ட வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்துதான் மருந்து விட்டாள். நான்காம் நாள் எட்டு மணிக்குத் தானே வந்து வாசலில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவளும் மாஸ்டரும் துரையோடு போய்ச் சேர்ந்தார்கள். டாக்டரின் அறையில் இரும்பு மேசை, மூலையில் கை கழுவும் தொட்டி, சுவரில் பெரிய வட்டக் கடிகாரம். மேசை மேல் தூக்க வேண்டாம், தரையிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு விரிப்பைப் போட்டார். துரை அதை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"மாஸ்டர், நான் போட்டிருக்கிற பேண்ட் உங்க தையல்" என்றார் டாக்டர். "எட்டு வருஷம். இன்னும் ஒரு நூல் பிரியல. அவ்வளவு பொறுமையா தைக்கிறவர், இதுல அவசரப்படாதீங்கன்னு சொல்றேன். ஆபரேஷன் பண்ணா இவன் இன்னும் அஞ்சாறு வருஷம் இருப்பான்."

"காசுக்குப் பார்க்கல டாக்டர். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு விரல் வலிக்குது. உணர்ச்சி இல்லாத விரல், ஆனா வலிக்குது. எப்படின்னு கேக்காதீங்க. இனிமே அவன் ஒரு அறையில இருந்தா நான் இன்னொரு அறையிலதான் இருக்க முடியும். எத்தனை நாள் அப்படி இருக்கறது?"

அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் ஒரு படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"கடிச்சதுக்குக் காரணம்?"

"ஒண்ணுமில்ல. முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"காரணமில்லை" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே எழுதினார். "அப்படின்னா நானும் வற்புறுத்த மாட்டேன். வலிக்குக் கடிச்சா வலியை எடுத்துடலாம். சும்மா கடிக்கிற நாயை நாலு பேர் வந்து போற வீட்டுல வெச்சுக்கோங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மாஸ்டர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் குழந்தை போட்டவை போல் சரிந்து நின்றன.

டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றினார். "முதல்ல தூக்கத்துக்கு. அப்புறம் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. வாய்க்கட்டு போடலாம், ஆனா போட்டா மிரளுவான். கடைசி நிமிஷம் பயத்துலயே போயிடும். நீங்க பிடிச்சீங்கன்னா நிம்மதியா போவான்மா. நீங்க பிடிச்சா அசைய மாட்டானே."

அவள் விரிப்பில் உட்கார்ந்தாள். உடம்பு தானாக உட்கார்ந்தது. சுவரில் முதுகு, முழங்கால்களுக்கு நடுவில் துரை. இடது உள்ளங்கை மேலே போனது. அவன் தாடையை இறக்கினான், முழுப் பாரத்தையும்.

பிடிக்காவிட்டால் பயந்துகொண்டு சாவான். பிடித்தால் என்னை நம்பிக்கொண்டு சாவான். எது இவனுக்கு நல்லது என்று கேட்டால் இரண்டாவது என்று யாரும் சொல்வார்கள். டாக்டரும் சொல்கிறார். இத்தனை வருடமும் அந்த இரண்டாவதைத்தான் தன்னிடம் கேட்டார்கள். தானும் ஒருமுறைகூட, பிடித்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதில்லை.

"சொல்லேன்" என்றார் மாஸ்டர் மெதுவாக. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எப்பவும் சொல்வியே, அதைச் சொல்லேன்."

முடிஞ்சிடுச்சு என்ற சொல் அவள் நாக்கின் மேல் தயாராக இருந்தது. துரையின் வலது காது லேசாக உயர்ந்தது. அவனும் அதற்காகத்தான் காத்திருந்தான்.

அவள் கையை எடுத்தாள்.

தாங்கியிருந்தது இல்லாமல் போகவே அவன் தலை கொஞ்சம் கீழே போய் நிமிர்ந்தது. திரும்பி அவளைப் பார்த்தான்.

"காரணம் இருக்கு டாக்டர்" என்றாள். "புண்ணுல ஸ்பிரிட் ஊத்தினோம்."

டாக்டர் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"ஏய்" என்றார் மாஸ்டர். கோபம் இல்லை, பயம். "என்ன பேசற?"

"அவர் ஊத்தினாரு. நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பிடிச்சேன். உங்ககிட்ட தெரியலன்னு சொன்னேன்."

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கட்டுப் போட்ட விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார். "என் விரல் போனது போனதுதானே" என்றார். "காரணம் சொன்னா விரல் திரும்பி வந்துடுமா? கையெழுத்துப் போட்டாச்சு. போறப்பவாவது அவனை நிம்மதியா அனுப்பு. பிடி."

வராது. விரல் வராது, இடது காது வராது. வீட்டுக்குப் போனால் அவர் ஒரு அறை, துரை ஒரு அறை, நடுவில் அவள். அது எத்தனை வருடம் என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கே அவர் வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லி இங்கே கூட்டிவரலாம். அதுவும் நடக்கும்.

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவற்றை யாருடைய கைகளையோ பார்ப்பது போல் பார்த்தாள்.

"பதினாலு நாள் மருந்துங்க" என்றாள். "இன்னைக்குத்தான் பத்து."

"நான் மருந்தைப் பத்திப் பேசல. பிடின்னு சொல்றேன்."

"நான் பிடிக்க மாட்டேங்க" என்றாள்.